மெதுவாக ஓட்டத் தெரிந்தவர்

“வலது பக்கம் திரும்புறோம். பள்ளிக்கூடம் வந்தாச்சு. மணி அடிச்சுட்டாங்க போல, பிள்ளைங்க எல்லாம் வெளியே வருதுங்க. ஒருத்தன் செருப்பைக் கையில வச்சுக்கிட்டு ஓடுறான்.”

டவுன் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து அவர் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறார். யாரிடமும் இல்லை. பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த அம்மாள் தன்னிடம்தான் பேசுகிறார் என்று எண்ணி முதலில் “ஆமாங்க” என்றார். “இப்போ ஒரு பள்ளம் வருது, கெட்டியாப் பிடிச்சுக்கங்க” என்றதும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வேறு இருக்கைக்கே போய்விட்டார். இவர் அதைக் கவனிக்கவில்லை. பாலம் வந்துவிட்டது. கீழே தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்ல வேண்டுமே.

ஊருக்கு அவர் வேன் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். மிஷன் ஆஸ்பத்திரி வேனை ஒரு ஆயுள்காலம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அண்ணன்தான், சபைப் போதகருக்கும் அண்ணன்தான். கோபம் வந்தால் அவர் மனைவிகூட, “இந்த வேன் அண்ணனைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே” என்றுதான் ஆரம்பிப்பார்.

வேனுக்கு முன்னால் அவர் கையில் இருந்தது லாரி. ஓட்டினார் என்பதைவிடப் பறக்கவிட்டார் என்பதே சரி. மழை நாள் ஒன்றில் வளைவில் லாரி கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்தது. வழியில் வந்த வேறு லாரிக்காரர்கள் அவரைத் தூக்கிப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து, நனையாமல் இருக்கத் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். நல்ல எண்ணத்தில்தான் மூடினார்கள். ஆனால் அதன் பிறகு அவருக்கு அந்தத் தார்ப்பாயைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்டி எங்கே போகிறது, இன்னும் எவ்வளவு தூரம், அடுத்த குலுக்கல் எப்போது, எதுவும் தெரியவில்லை.

“வலியைக்கூடப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கலாம்ங்க. நாம எங்க இருக்கோம்னு தெரியாமக் கிடக்கிறோம் பாருங்க, அது பொறுக்க முடியாது” என்பார்.

அந்த லாரி போய் நின்றது மிஷன் ஆஸ்பத்திரி வாசலில். அங்கே இருந்த டாக்டரம்மா கடல் தாண்டி வந்தவர். வந்த புதிதில் வேதாகமத்தை வைத்துக்கொண்டே தமிழ் படித்தவர். அதனால் ஊசி போடும்போது “கலங்காதிரும்” என்பார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களைப் பார்த்து, “நீர் ஏன் இப்படிச் செய்தீர்?” என்பார். திட்டு வாங்கியவர்களுக்கு மலை உச்சியிலிருந்து ஏதோ குரல் வந்த மாதிரி இருக்கும். அதற்கு அப்புறம் மாத்திரையை விழுங்காமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். எழுந்து நடக்கத் தொடங்கியதும் லாரிக்காரர் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்.

“எனக்கு இங்கேயே ஒரு வேலை குடுங்கம்மா. வண்டி ஓட்டத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.”

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உமக்கு மெதுவாக ஓட்டத் தெரியுமா?”

“அது தெரியாதும்மா.”

“கற்றுக்கொள்ளும்.”

நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அந்த வேனை இன்றைக்கு நினைத்தாலும் அவர் முகம் மலர்ந்துவிடும். எங்கோ தூர தேசத்துச் சபையார் வாங்கி அனுப்பிய வண்டி. வானத்து நீலம். பின்கதவைக் கொஞ்சம் தூக்கி அழுத்தினால்தான் மூடும். ஹாரனோ சளி பிடித்த ஆடு கத்துவது போல இருக்கும். உள்ளே எப்போதும் பினாயிலும் பஞ்சும் கலந்த வாசனை. கிளம்புமுன் பக்கத்து இருக்கையை ஒரு துணியால் துடைப்பார். “ஆண்டவரே, நீங்க முன்னால ஏறிக்கங்க. வழி உங்களுக்குத்தான் தெரியும்.” அவருடைய ஜெபம் அதோடு முடிந்தது. அந்த இருக்கையில் வேறு ஆள் உட்கார விடமாட்டார்.

பிறகு பேச்சு ஆரம்பிக்கும். பின்னால் படுத்திருப்பவருக்கு வேனின் கூரைதான் தெரியும், வெளியே இருப்பதை நாம்தானே சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. ரொட்டிக்கடை வந்தால் சொல்வார். வாய்க்கால் ஓரத்தில் வாத்து போனால் சொல்வார். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண், “அண்ணே, வாத்து எத்தனைன்னு எண்ணிச் சொல்லாட்டியும் பரவாயில்லை, வண்டியை விடுங்க” என்று கத்தியிருக்கிறாள். இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுபோகும்போதும் வாய் ஓயாது. கூட வரும் உறவுக்காரர்கள் முதலில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர்களே, “அப்பா, நம்ம தெரு வந்துடுச்சுப்பா” என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஜெபக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் எழுந்து நின்று தொண்டையைக் கனைப்பார், உட்கார்ந்துவிடுவார். “எனக்குப் பிரசங்கமெல்லாம் வராதுங்க ஐயா. பள்ளம் பார்த்து ஓட்டத்தான் வரும்.”

அவருக்கு ஓர் அக்கா கிடைத்ததும் அந்த வேனில்தான்.

தொழுநோய் வார்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்த பெண் அவர். கல்யாணம் ஆகவில்லை. தன் அண்ணன் வீட்டில் தாயைக் கவனித்துக்கொண்டு இருந்தவர். நோய் தெரிந்ததும் அண்ணனே கொண்டுவந்து விட்டார், முதலில் இரண்டு தடவை வந்து பார்த்தார், பிறகு வரவில்லை. நோய் போய்விட்டது. இரண்டு கையிலும் விரல்கள் மட்டும் மடங்கியபடி நின்றுவிட்டன. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நர்ஸுகள் கூடித் தலைவாரிவிட்டார்கள், புதுத் துணி கொடுத்தார்கள். “நீர் சொஸ்தமானீர். இனி உம்மால் ஒருவருக்கும் கேடில்லை” என்று டாக்டரம்மா வாசல்வரை வந்து சொன்னார்.

வழியெல்லாம் வேன் அண்ணன் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தார். வீடு நெருங்க நெருங்க, பின்னாலிருந்த பெண் அவர் பேச்சைத் தட்டிப் பறித்துக்கொண்டார். “அந்த மரம் அப்போ என் தோள் உயரம்தான் இருந்துச்சு. இந்தக் கிணத்துக்குச் சுவரே கிடையாது, இப்பத்தான் கட்டியிருக்காங்க. இப்படியே போங்க, இப்படியே போங்க. அதோ, பச்சைக் கதவு.”

வேன் நின்ற சத்தத்துக்கு அந்தப் பெண்ணின் அண்ணன் வெளியே வந்தார். இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள்மேல் கையை வைத்தார். அதைத் திறக்கவில்லை.

“வந்துட்டியா?”

“சுகமாயிடுச்சுண்ணே. இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“அவங்க சொல்லுவாங்க. இங்க ஊர் வாயை யாரு மூடுறது? மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இரு. நானே வந்து கூட்டிக்கிறேன்.”

உள்ளேயிருந்து தாயின் குரல் கேட்டது. “யாருடா அது?”

“யாருமில்லம்மா. வழி கேக்குறாங்க.”

வேன் அண்ணனுக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அன்று இரண்டு காதும் சிவந்தன.  அந்தப் பெண் தானாகவே திரும்பி வந்து வேனில் ஏறிக்கொண்டார். வேன் அண்ணன் கதவைத் தூக்கி அழுத்தி மூடினார். பிறகு கிணற்றையும் மரத்தையும் வாய்க்காலையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். 

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முக்கில் வேன் திரும்பவில்லை.

“அண்ணே, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்ல?”

“தெரியும்.”

சுகமான பிறகும் போக்கிடம் இல்லாமல் வார்டிலேயே தங்கிப்போனவர்கள் சிலரை அவர் பார்த்திருந்தார். சுவரில் மாட்டிய படம் மாதிரி அவர்கள் ஒரே கட்டிலில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாரா என்று கேட்டால், “யோசிக்கிறதாவது! ஸ்டியரிங் திரும்பல, அவ்வளவுதான்” என்பார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். வீட்டு வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தார்.

“யாருங்க இது?”

“எங்க அக்கா.”

“உங்களுக்கு ஏது அக்கா?”

“காலையில வரைக்கும் இல்ல.”

மனைவி வந்தவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை விரல்களில் வந்து நின்றது. கணவரைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “உங்களைவிடச் சின்னவங்களா இருக்காங்களே, அப்புறம் எப்படி அக்கா?”

“வாயில அப்படித்தான் வந்துச்சு. விட்டுடேன்.”

விட்டுவிட்டார். ஆனால் மனசு அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. தொழுநோய் வார்டின் படுக்கை விரிப்புகளை அலசிப் பிழிந்தவர்தான். ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை அவரே பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் வார்டுத் துணி வேறு, வீட்டுத் தம்ளர் வேறு. வீட்டில் சின்னக் குழந்தைகள் இரண்டு. வந்தவருக்கென்று ஒரு தட்டையும் விளிம்பு நசுங்கிய ஒரு தம்ளரையும் தனியாக எடுத்து வேறு அலமாரியில் வைத்தார். வேன் அண்ணன் அதைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. “அன்னிக்கு மட்டும் இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வீம்புக்காகவே நான் பத்து வருசம் தனியா வச்சிருப்பேன்” என்று மனைவி பிற்பாடு சொல்லிச் சிரித்ததுண்டு.

சில வாரம் கழித்து ஒரு நாள், வேலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்த மனைவி, கைக்கு எட்டிய தம்ளரில் தண்ணீரை மொண்டு வாயில் கவிழ்த்தார். பாதி குடித்த பிறகுதான் விளிம்பு நசுங்கிய அந்தத் தம்ளர் கண்ணில் பட்டது. வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டார்.  பிறகு சலவைக்காரம்மா மிச்சத்தையும் குடித்தார். தம்ளரைக் கழுவி மற்றத் தம்ளர்களோடு கவிழ்த்து வைத்தார். “கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டார். அதுவரை ‘வாங்க போங்க’ என்றிருந்தவர் முதல் தடவையாக ‘நீ’ என்றது அப்போதுதான். அக்கா குனிந்துகொண்டார். கையில் வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

பிள்ளைகளுக்கு அவர் அத்தை ஆனார். ஆராதனையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் ஓரிருவர் நைசாக நகர்ந்துகொண்டார்கள். அடுத்த வாரம் அந்த இடைவெளியில் வேன் அண்ணன் தன் பருத்த உடம்போடு போய் உட்கார்ந்தார். அப்புறம் அங்கே நகர இடமில்லை. டாக்டரம்மா அக்காவின் வலது கை விரல்களை அறுவை செய்து நிமிர்த்திவிட்டார். ஊசி பிடிக்க வந்தது. ஆஸ்பத்திரித் துணி அறையில் விரிப்பு தைக்கும் வேலையும் கிடைத்தது.

வேன் அண்ணன் மட்டும் அந்தப் பச்சைக் கதவை விடுவதாக இல்லை. அந்தப் பக்கம் சவாரி கிடைத்த போதெல்லாம் கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தி, வேறெங்கும் அடிக்காத ஹாரனை இரண்டு முறை அடிப்பார். சாத்திய ஜன்னலைப் பார்த்து உரக்கச் சொல்வார். “வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உங்க தங்கச்சியும் சௌக்கியம். கையில ஆபரேஷன் முடிஞ்சுது. ஊசியில நூல் கோக்குறாங்க.” சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பதிலுக்குக் காத்திருந்ததில்லை. “எங்க வீட்டுக்காரர் ஜன்னல்கிட்ட நலம் விசாரிக்கிறவர்” என்று மனைவி கேலி செய்வார்.

ஒரு தடவை அண்ணன் வெளியே வந்து, “இங்க வந்து ஹாரன் அடிக்காதீங்க, அக்கம்பக்கம் பார்க்குது” என்று சீறினார்.

“சரிங்க தம்பி. இனிமே அடிக்கல.”

அடுத்த முறை ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி, பின்கதவைத் திறந்து, தெருவே அதிர இழுத்து மூடினார். பிறகு ஜன்னலைப் பார்த்து, “சௌக்கியமா?” என்றார்.

இப்படியே சில வருடம் ஓடியது. மூத்தவளின் கல்யாணம் முடிந்தது, இளையவளின் கல்யாணமும் முடிந்தது. கூட்டிக்கொள்கிறேன் என்ற அண்ணன் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலை வேன் கொட்டகை வாசலில் அவரே வந்து நின்றார். இளைத்திருந்தார். வேன் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்புல அடி, தூக்க முடியல. வேற எங்கேயும் வரமாட்டேங்கிறாங்க. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமாம். ‘ஜன்னல்ல வந்து பேசுறவரைக் கூட்டிட்டு வா’ன்னு பிடிவாதம்.”

“இருங்க தம்பி, வந்துடுறேன்” என்று வேன் அண்ணன் போனது துணி அறைக்கு.

“அக்கா, வண்டியில ஏறுங்க.”

“எங்க?”

“வீட்டுக்கு.”

“எந்த வீட்டுக்கு?”

“உங்க அண்ணன் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு.”

அண்ணன் வேனைக் கேட்கத்தான் வந்திருந்தார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் வேன் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். “அன்னிக்கு நான் சொன்னது சுத்தமான பொய். ஆண்டவர் முன் சீட்டுல உட்கார்ந்துதான் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல.”

வேனின் பின்னால் தங்கையைக் கண்டதும் அண்ணன் தயங்கி முன்பக்கம் போனார். “முன்னால இடமில்ல தம்பி” என்றார் வேன் அண்ணன், காலி இருக்கையைத் துடைத்துக்கொண்டே. வேறு வழியில்லாமல் அண்ணன் பின்னால் ஏறி எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். வாத்துகளையும் ரொட்டிக்கடையையும் பற்றி அன்று வேன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பாதி தூரம் போன பிறகு பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

“கை வலிக்குதா?”

“இல்லண்ணே. வலியே தெரியாது.”

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அல்ல அது. அந்த நோய் உணர்ச்சியைத் தின்றுவிட்டுத்தான் போயிருந்தது. அதைப் புரிந்துகொள்ள அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். வேன் அண்ணன் பள்ளத்தில் விடாமல் ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தார்.

பச்சைக் கதவுக்குள் தாய் தரையில் பாயின்மேல் கிடந்தார். மகள் குனிந்ததும், நலமா என்று கேட்கவில்லை, அழவும் இல்லை. மகளின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “அன்னிக்கு வழி கேட்டது நீதானே?” என்றார்.

“ஆமாம்மா.”

“எனக்குத் தெரியும்டி. எழுந்து வரத்தான் தைரியம் இல்ல.”

ஆஸ்பத்திரியில் தாயின் கட்டிலுக்குக் கீழேயே மகள் பாயை விரித்துக்கொண்டார். தாய் ஊன்றுகோல் பிடித்து நடக்கும்வரை கூடவே இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன், “நீயும் வா, உன் ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன்” என்று கூப்பிட்டார். உண்மையாகத்தான் கூப்பிட்டார். அக்கா சலவைக்காரம்மாவைப் பார்த்தார், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். “வர்றேண்ணே, அடிக்கடி வந்து போறேன். என் வீட்ல பிள்ளைங்க தேடும்” என்றார் அக்கா. சொன்னபடி போய் வந்தார், தாயின் கடைசி நாள்வரை. இப்போதும் வேன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் பெரியவர்களாகி வெளியூர் போய்விட்டார்கள். எந்தத் துணிக்கு எந்த நூல் என்று இரண்டு கிழவிகளும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

டாக்டரம்மா வயதாகித் தம் ஊருக்குத் திரும்பிய நாளில், விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் வேன் அண்ணன்தான். அன்று மாட்டு வண்டிகூட அவரை முந்திக்கொண்டு போனது. “விமானம் எனக்காகக் காத்திராது, சற்று விரையும்” என்று டாக்டரம்மா பின்னாலிருந்து கெஞ்சினார். “நீங்க கத்துக் குடுத்தது இதுதான்மா” என்றார் இவர். கடைசி நிமிடத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வரும் வழியில், ஆளில்லாத வேனில், எதையும் சொல்லத் தோன்றவில்லை என்பார்.

ஆஸ்பத்திரியில் இப்போது புதுக் கட்டடம். சத்தம் எழுப்பிக்கொண்டு பறக்கும் ஆம்புலன்ஸ்கள் மூன்று. பழைய வேன் கொட்டகை இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்துவிட்டது. வேன் அண்ணன் சாயங்காலங்களில் பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கு என்று கேட்டால், “வீட்ல ரெண்டு பேர் சண்டை, தாங்கல” என்பார்.

போன வாரம் அந்த வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். கையில் துணிப் பை, நெற்றியில் புதுக் கட்டு. ஒவ்வொரு பஸ் வந்தபோதும் இரண்டு எட்டு முன்னால் போய், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தார்.

“யாரு வர்றாங்க?” என்றார் வேன் அண்ணன்.

“மகன். வந்துடுவான்.”

இன்னொரு பஸ் வந்தது. போனது. வெயில் தாழ்ந்துவிட்டது.  வேன் அண்ணன் முழங்காலில் கையை ஊன்றி முனகிக்கொண்டே எழுந்தார். அந்தப் பெரியவரின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் பக்கத்திலேயே நின்று, பஸ் வரும் திசையைப் பார்க்க ஆரம்பித்தார்.